காய்ச்சல் விட்ட நாள்

வாழைச்சேனையில் வாவி நண்டு விற்கும் சுலோஜனா, ஒன்றைச் சொன்னால் அதிலிருந்து இறங்கமாட்டாள். "இதில சதையில்ல" என்று யாராவது வாய் திறந்தால் போதும், கையிலிருந்த நண்டைக் கூடைக்குள் திரும்பப் போட்டுவிடுவாள். அதோடு பேச்சு முடிந்தது.

ஆஸ்பத்திரிக் கட்டிலிலும் அந்தக் குணம் மாறவில்லை. டெங்கு பிடித்த ஐந்தாம் நாள் காலை காய்ச்சல் விட்டது. பின்னேரமே புருசனின் தங்கை அஜந்தா வந்து நின்றாள். மறுநாள் அவளுடைய மகள் பெரியபிள்ளையானதற்குச் சாமத்தியச் சடங்கு. தாய்மாமனின் பெண்சாதியான சுலோஜனாதான் முதல் குடம் தண்ணீர் வார்க்கவேண்டும்.

"காய்ச்சல் விட்டுட்டுதானே மச்சாள்? துண்டு வெட்டச் சொல்லுங்க, வீட்ட போவம்."

"விட்ட பிறகுதான் பொல்லாத நேரமாம். டொக்டர் சொன்னவர்."

"உங்களுக்கு முந்தியும் ஒருக்கா வந்ததுதானே. உடம்புக்குப் பழகியிரிக்கும்."

"அதுதான் புள்ள கரைச்சல்."

டொக்டர் காலையில் சொன்னது அவளுக்கு நன்றாக நினைவிருந்தது. டெங்கில் நான்கு வகை. முதல் வகையோடு சண்டை பிடித்த, இரத்தத்தில் நோயை எதிர்க்கும் டி கலங்கள் அதை மறக்காமல் உடம்பிலேயே காத்திருக்கும். இரண்டாவதாக வேறு வகை வந்தாலும் அவைதான் முந்திப் பாயும். பெரும்பாலும் காப்பாற்றிவிடும். சிலருக்கு மட்டும் பிடி சரியாக விழாது. வைரஸ் தப்பிவிடும், சண்டையின் சூட்டில் இரத்தக் குழாய்கள் கசியும். ஏன் சிலருக்கு மட்டும் என்பது அவருக்கே முழுதாகத் தெரியாதாம்.

"மணலை மீனுக்குப் பின்னின வலைய இறாலுக்கு எறிஞ்சா என்னகா நடக்கும்? தண்ணிதான் கலங்கும்" என்றாள் சுலோஜனா.

"நீங்க வராட்டி ஊர் சிரிக்கும்."

"நல்லாச் சிரிக்கட்டும். நான் செத்தா ஊரா வந்து நண்டு விக்கும்? நான் வரமாட்டன்."

"சரியான அடம்!" அஜந்தா முகத்தைத் திருப்பிக்கொண்டு போனாள்.

மறுநாள் காலை சுலோஜனாவின் வயிறு ஊதியது, கைகால் குளிர்ந்தது, பிளேட்லெட் விழுந்தது. சடங்கு வீட்டில் வேறொருத்தி குடத்தைத் தூக்கிய நேரம் இவள் கையில் சேலைன் ஏறிக்கொண்டிருந்தது. தாதி மணிக்கொரு தடவை வந்து நாடி பார்த்தாள்.

அதிலிருந்து நான்காம் நாள், வீட்டுக்குப் போகலாமென்று துண்டு வெட்டினார்கள். ஆட்டோவை நேரே அஜந்தா வீட்டுக்கு விடச்சொன்னாள். குசினிப் பின்பக்கம் சடங்குக்கு வாங்கிய தயிர்ச்சட்டிகள் மழைத்தண்ணீரோடு கிடந்தன. ஒவ்வொன்றாகக் காலால் கவிழ்த்தாள்.

"வந்ததும் வராததுமா என்ன மச்சாள் இது?"

"டெங்கு நுளம்புக்கு வீடு கட்டிக் குடுத்திரிக்கிற. சரி, குடத்தக் கொண்டா."

"அதெல்லாம் வார்த்து முடிஞ்சுது."

"மாமி நான் இன்னும் வார்க்கல்ல. புள்ளயக் கூப்பிடு."