மலை பஸ் கிளம்பும் முன்

கடந்த ஆண்டு நவம்பர் 17, திங்கட்கிழமை. கார்த்திகை முதல் நாள். காலை எழுந்ததும் வழக்கம்போல நாட்குறிப்பில் தேதியையும் வானத்தையும் எழுதினேன்: மேகமூட்டம், மழை இல்லை, மலை தெரியவில்லை. இட்லி ஊற்றி, தேனிப் பக்கம் நூற்பாலையில் மேற்பார்வையாளராக இருக்கும் கணவருக்கு டப்பாவில் கட்டிக் கொடுத்து அனுப்பிவிட்டு, சின்னமனூர் பஸ் ஏறினேன். மாலை போட்ட சாமிமார்களின் வேன்கள் குமுளி நோக்கி வரிசையாகப் போய்க்கொண்டிருந்ததால் பஸ் ஊர்ந்துதான் போனது. ஆனாலும் நேரத்துக்கு லேபைத் திறந்துவிட்டேன்.

அங்கே ஒரு சிறிய தனியார் மருத்துவமனையில் ரத்தப் பரிசோதனை செய்யும் வேலை எனக்கு. ஒரே அறை, ஒரே ஆள். ரத்தம் எடுப்பது, மெஷினில் பார்ப்பது, ரிப்போர்ட் அடிப்பது எல்லாமே நான்தான். என் அறையில் எந்தப் பொருளும் இடம் மாறி இருக்காது. ஊதா மூடிக் குழாய்கள் ஒரு பக்கம், சிவப்பு மூடிக் குழாய்கள் மறுபக்கம், ஒட்டிய பெயர்ச்சீட்டு எல்லாம் என்னைப் பார்த்தபடி நிற்கும். கரண்ட் போனாலும் இந்த அறையில் ஊசியைக் கண்டுபிடித்துவிடலாம் என்று எங்கள் டாக்டர் சொல்வார். அதைக் கேட்க எனக்குப் பிடிக்கும்.

வேலைக்கும் ஒரு முறை வைத்திருந்தேன். முதலில் வந்தவர்கள் எல்லோருக்கும் ரத்தம் எடுத்து முடிப்பேன். கடைசி ஆளும் வெளியே போன பிறகு கதவைச் சாத்திக்கொண்டு மெஷினில் உட்காருவேன். அத்தனையும் பார்த்து முடித்த பிறகுதான் ரிப்போர்ட் அடிப்பேன். டாக்டர் எல்லாவற்றிலும் மொத்தமாகக் கையெழுத்துப் போடுவார். நடுவில் எழுந்து எழுந்து போனால் ஒருவர் பெயர் இன்னொருவருக்கு மாறிவிடும் என்ற பயம்தான் இதற்குக் காரணம். எனக்கு வேலை பழக்கியவர்களும் இப்படித்தான் செய்தார்கள். இத்தனை வருடத்தில் ஒரு பெயர்கூட மாறியதில்லை.

அந்த மாதம்தான் என் கணவரின் மில்லில் ஏதோ பயிற்சி நடந்துகொண்டிருந்தது. முந்தின நாள் ஞாயிற்றுக்கிழமை, சர்ச்சில் பூசை முடிந்து வந்து கறி வெட்டிக்கொண்டிருந்தபோது அதைப் பற்றிச் சொன்னார்.

"மில்லுல கைசன் கைசன்னு உசுர வாங்குறாக. ஜப்பான்காரன் முறையாம், தினம் ஒரு சின்னத் திருத்தம் பண்ணணுமாம். எது எங்கன சும்மா கெடக்குதுன்னு நடந்து போயிப் பாக்கணுமாம்."

"எங்க லேபுக்கு வந்து பாக்கச் சொல்லுங்க. ஒரு பஞ்சுகூட சும்மா கெடக்காது."

"தெரியுமே. ஒன்னைய எங்க மில்லுக்கு விட்டா மெஷினெல்லாம் பயந்துபோயி நேரா நிக்கும்."

இருவரும் சிரித்தோம். அதோடு அந்தப் பேச்சு முடிந்தது.

திங்கட்கிழமை என்றால் எங்களிடம் கூட்டம். மேகமலை எஸ்டேட்களில் இருந்து காலை பஸ்ஸில் இறங்கி வருகிறவர்களும் சேர்ந்துகொள்வார்கள். அவர்கள் மதியம் இரண்டரை மணி பஸ்ஸைப் பிடித்தாக வேண்டும். அதை விட்டால் அன்றைக்கு மலைக்கு வேறு பஸ் நிச்சயமில்லை.

அன்று அப்படி வந்தவர்களில் ஒரு தம்பதி இருந்தார்கள். அந்தப் பெண்ணுக்கு முப்பது வயதுக்கு மேல் இருக்கும். கொழுந்து எடுக்கிற வேலை. ஐந்து நாளாகக் காய்ச்சல். புழுக்கத்திலும் ஸ்வெட்டரைக் கழற்றாமல் உட்கார்ந்திருந்தாள். டாக்டர் பார்த்துவிட்டு, ரத்தப் பரிசோதனை முடிவோடு திரும்ப வரும்படி சொல்லி என்னிடம் அனுப்பினார். ஊசி போடும்போது நரம்பு கிடைக்கச் சற்றுச் சிரமப்பட்டேன். அவள் முகம் சுளிக்கவில்லை.

"அக்கா, ரெண்டரை பஸ்ஸுக்கு முன்னாடி கெடச்சிருமா? மூணாப்பு படிக்கிற புள்ளைய பக்கத்து வீட்டுல விட்டுட்டு வந்திருக்கேன்."

"பாக்கலாம்மா" என்றேன். எல்லோரிடமும் சொல்கிற பதில்தான்.

குழாயை ஸ்டாண்டில் வைத்தேன். அதற்குப் பின்னால் இன்னும் பல குழாய்கள் வந்து சேர்ந்தன.

ஒரு மணிக்கு மேல் அவள் கணவர் கதவருகே வந்து நின்றார். பிறகு வரவேற்பில் இருக்கும் பெண்ணிடம் போய்க் கேட்டார். அவள் கொஞ்சம் வெடுக்கென்று பேசுவாள், மனது நல்லது.

"இங்கன வர்ற எல்லாருக்கும் அவசரந்தேன். உக்காருங்கண்ணே."

"நான் உக்காந்துருவேன் தாயி. பஸ்ஸு உக்காராதுல்ல" என்றார் அவர்.

அவர் மனைவி பெஞ்சில் சாய்ந்தபடியே சொன்னது உள்ளே எனக்கும் கேட்டது. "மலையில காட்டுமாடு குறுக்க நின்னாக்கூட ஆரன் அடிச்சா ஒதுங்கிரும். இங்கன ஒண்ணும் ஒதுங்க மாட்டேங்குது."

பெஞ்சில் இருந்தவர்கள் சிரித்தார்கள். நானும் சிரித்துக்கொண்டே அடுத்தவருடைய கையில் ரப்பர் பட்டையைக் கட்டினேன்.

இரண்டேகால் வரை பார்த்துவிட்டு அவர்கள் கிளம்பிவிட்டார்கள். மறுநாள் எஸ்டேட்டில் சிக்னல் கிடைக்கிற இடத்துக்குப் போய் போன் பண்ணி முடிவைக் கேட்டுக்கொள்வதாக வரவேற்பில் சொல்லிவிட்டுப் போனார்களாம்.

கதவைச் சாத்திக்கொண்டு மெஷினில் உட்கார்ந்தேன். அவளுடைய குழாயின் முறை வந்தபோது திரையில் விழுந்த எண்ணைப் பார்த்து, குழாயைச் சரியாகக் குலுக்கவில்லையோ என்று நினைத்தேன். மறுபடி குலுக்கி வைத்தேன். அதே எண். கண்ணாடித் துண்டில் ஒரு சொட்டைத் தேய்த்து மைக்ராஸ்கோப்பிலும் பார்த்தேன். ரத்தத்தை உறைய வைக்கிற தட்டணுக்கள் தேடினாலும் கிடைக்காத அளவுக்குக் குறைந்திருந்தன. எந்த நேரத்திலும் உள்ளுக்குள் ரத்தம் கசியத் தொடங்கலாம் என்ற நிலை.

டாக்டர் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். சீட்டை நீட்டியதும் கையைக் கழுவிவிட்டு எழுந்தார். "எங்க அவங்க?"

"போயிட்டாக சார்" என்றாள் வரவேற்புப் பெண். அதற்குள் போனைக் கையில் எடுத்திருந்தாள். கணவரின் எண் தொடர்பு எல்லைக்கு வெளியே. எஸ்டேட் அலுவலகத்தில் யாரோ எடுத்தார்கள், பேசுவதற்குள் இணைப்பு துண்டிக்கப்பட்டது. பிறகு மணி அடிக்கவே இல்லை. மருத்துவமனை வேனை அனுப்பலாம் என்று டாக்டர் சொன்னார். எஸ்டேட் பெண்ணின் முகம் தெரிந்த ஆள் ஒருவர் கூடப் போக வேண்டும். நான் போகிறேன் என்றேன்.

தினமும் காலையில் தெரிகிறதா இல்லையா என்று குறித்து வைக்கிற மலைக்கு, அன்றுதான் முதல் தடவையாகப் போனேன். அடிவாரத்தில் வனத்துறைச் சோதனைச்சாவடி. விவரம் சொன்னதும் காவலர் தடையைத் தூக்கினார். "இருட்டுனாலும் பரவாயில்ல, ஆளக் கூட்டிட்டு வாங்க. நான் இங்கனயேதேன் இருப்பேன்" என்றார். வளைவுக்கு வளைவு வேன் திணறியது. காய்ச்சலோடு காலையில் ஒரு தரம் இறங்கி, வெறுங்கையோடு மறுபடி ஏறியவளை நினைத்துக்கொண்டு ஜன்னல் கம்பியைப் பிடித்திருந்தேன். வழியில் பஸ் தென்படுமா என்று பார்த்தேன். தென்படவில்லை.

மேலே டீக்கடை வாசலில் பஸ் நின்றிருந்தது. கண்டக்டரிடம் கேட்டோம்.

"காய்ச்சக்கார அம்மாவா? ரெண்டாவது லைனு வீட்டுக்குப் போனாக. வழியெல்லாம் தலைய ஜன்னல்ல சாச்சுட்டே வந்தாக, பாவம்."

தேயிலைக்கு நடுவே ஒட்டி ஒட்டிக் கட்டிய லைன் வீடுகள். மூன்றாவது கதவில் அவள் அடுப்பைப் பற்ற வைத்துக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும் எழ முயன்றாள். "என்னக்கா, எதையும் விட்டுட்டு வந்துட்டேனா?" என்று கேட்டாள். பேசும்போது பல் ஈறில் ரத்தம் தெரிந்தது.

விஷயத்தைச் சொன்னேன். அவள் அடுப்பைப் பார்த்தாள், மகளைப் பார்த்தாள். "நாளைக்கு விடிஞ்சதும் வாரேனே. புள்ள பசியோட இருக்கு."

நான் பதில் சொல்வதற்குள் பக்கத்து வீட்டுப் பெண் உள்ளே வந்து அடுப்பை அணைத்தாள். "ஏத்தா, நீ என்ன பெரிய மகாராணியா, ஒனக்குன்னு வண்டி மல ஏறி வந்திருக்கு, யோசிச்சுக்கிட்டு நிக்கிற. புள்ளைக்குச் சோறு எங்க வீட்டுல. ஏறு மொதல்ல."

இறங்கும்போது அவள் கணவரின் மடியில் தலை வைத்துப் படுத்திருந்தாள். குலுங்காமல் இருக்க அவர் அவள் நெற்றியைக் கையால் தாங்கியிருந்தார். சோதனைச்சாவடி தாண்டிய பிறகுதான் பேசினார். கோபமே இல்லாமல், தெரிந்துகொள்வதற்காகக் கேட்கிறவர் போலக் கேட்டார்.

"ஏக்கா, அந்த மெஷினு ரத்தத்தப் பாக்க ரொம்ப நேரம் ஓடணுமோ?"

ஆமாம் என்று சொல்லியிருக்கலாம். நம்பியிருப்பார்.

"ஒரு நிமிஷந்தாண்ணே" என்றேன்.

"சரிக்கா" என்றார். அவ்வளவுதான். துண்டை எடுத்து மனைவியின் கழுத்தைச் சுற்றிப் போர்த்திவிட்டார்.

அவளைத் தேனி பெரிய ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். அன்று இரவே தட்டணுக்கள் ஏற்றத் தொடங்கினார்கள். இன்னும் ஒரு ராத்திரி மலையில் இருந்திருந்தால் சொல்ல முடியாது என்று அங்கே இருந்த டாக்டர் சொன்னார்.

வீட்டுக்கு வந்து நடந்ததைச் சொன்னபோது என் கணவர் கேலி செய்யவில்லை. சோற்றைப் போட்டுத் தட்டை என் பக்கம் தள்ளினார். நான் சொல்லிக்கொண்டே போனேன். மெஷின் ஓடத் தொடங்கினால் நடுவில் நிற்கக் கூடாது, நான் எழுந்து எழுந்து போகக் கூடாது, பெயர் மாறக் கூடாது என்று எல்லாவற்றுக்கும் வழி செய்து வைத்திருந்தேன். பெஞ்சில் இருந்தவர்கள் அந்தக் கணக்கில் வரவே இல்லை. என் அறையில் எதுவும் சும்மா கிடக்காது என்று சொன்னேனே, அவளுடைய ரத்தம் மதியம் வரை கிடந்தது. நாளைக்கே எல்லாவற்றையும் தலைகீழாக மாற்றப் போகிறேன் என்றேன்.

"எல்லாத்தையும் மாத்தாத" என்றார். "அப்பத்தேன் பேரு மாறும். ஒண்ணே ஒண்ண மாத்து. சரியா வந்தா அடுத்தத மாத்து."

பிறகு ஒவ்வொன்றாகத்தான் மாற்றினோம். வரவேற்புப் பெண் இப்போது டோக்கன் கொடுக்கும்போதே எந்த பஸ்ஸில் திரும்ப வேண்டும் என்று கேட்கிறாள். டாக்டர் மொத்தமாகக் கையெழுத்துப் போடுவதை விட்டுவிட்டு, ஒரு நோயாளிக்கும் அடுத்த நோயாளிக்கும் நடுவில் போடுகிறார். அடையாளத்துக்காக மலை ஆட்களின் குழாயில் ரப்பர் பேண்ட் மாட்டிப் பார்த்தோம். பெயரை மறைத்தது, விட்டுவிட்டோம். மெஷின் மேசை கதவுப் பக்கம் வந்துவிட்டது. என் அறை முன்புபோல அழகாக இல்லை. பெயர் எதுவும் மாறவும் இல்லை.

உடம்பு தேறி மறுபரிசோதனைக்கு வந்தபோது, அந்தப் பெண் ரிப்போர்ட்டைக் கையில் வாங்கிக்கொண்டு சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தாள். பஸ்ஸுக்கு இன்னும் நிறைய நேரம் இருந்தது. "காட்டுமாட்ட விட வெரசா ஒதுங்குறீகளேக்கா" என்றாள். மகளுக்குப் பலகாரம் வாங்கக் கடைத்தெருவுக்கு நடந்தார்கள் இருவரும்.

இப்போதும் ஸ்டாண்டில் ஒரு குழாயைப் பார்த்தால், அதன் மறுமுனையில் பெஞ்சில் ஓர் ஆள் உட்கார்ந்திருப்பது எனக்குத் தெரிகிறது. அப்படிப் பார்க்கத் தொடங்கியது மறுநாள், நவம்பர் 18 அன்று. காலை, வானம் தெளிவு, மலை தெரிந்தது. முதல் ஆளாக ஒரு பெரியவர் வந்தார். எந்த பஸ்ஸுக்குப் போகணும் ஐயா என்று கேட்டேன். உள்ளூர்தான், நடந்தே போயிருவேன் என்றார். பரவாயில்லை என்று ரத்தம் எடுத்து, அவர் கண் முன்னாலேயே பெயர் எழுதினேன். அடுத்தவரை ஒரு நிமிடம் இருக்கச் சொல்லிவிட்டு, அந்த ஒரு குழாயை ஸ்டாண்டில் வைக்காமல் கையிலேயே எடுத்துக்கொண்டு மெஷினுக்கு நடந்தேன்.