ஆற்றுக்கு அந்தப் பக்கம் உரிமம் இல்லை

ரோவீனா ஸ்ட்ரடரை இளகிய மனசுக்காரி என்று யாரும் சொல்லி நான் கேட்டதில்லை. பிடிவாதக்காரி என்பார்கள். ஆற்றின் ஒஹாயோ மாநிலக் கரையில் உள்ள எங்கள் ஊர் மனநல நிலையத்தில் அவர் சமூகப் பணியாளர். துக்கத்தில் முடங்கியவர்கள், குடியை விடப் போராடுகிறவர்கள், தூக்கத்தில் அலறி எழுகிறவர்கள் என்று பலரும் வருவார்கள். அவர்களோடு பேசிப் பேசியே எழுந்து நடக்க வைப்பதுதான் வேலை. அதற்கான படிப்பும் பயிற்சியும் மாநிலம் கொடுத்த உரிமமும் அவரிடம் இருந்தன. அடுத்த அறையில் தொலைபேசி எடுப்பது என் வேலை.

கொரோனாக் காலத்தில் யார் எங்கிருந்து தொலைபேசியில் பேசினாலும் சரி என்று விட்டிருந்தார்கள். தொற்று ஓய்ந்ததும் பழைய சட்டம் திரும்பியது. உதவி தேடிப் பேசுகிறவர் எந்த மாநிலத்தில் உட்கார்ந்திருக்கிறாரோ, அந்த மாநிலத்தின் உரிமம் வேண்டும். ரோவீனாவிடம் இருந்தது ஒஹாயோ உரிமம். பாலத்துக்கு அப்பால் கென்டக்கி. ஆறுகூடக் கென்டக்கிக்குத்தான் சொந்தம். பாலத்தின் நடுவில் நின்று அழுகிறவனுக்கு ஆறுதல் சொன்னால் அது குற்றம்.

எங்கள் மக்கள் இதற்கு ஒரு வழி கண்டுபிடித்தார்கள். அக்கரைக்காரர்கள் வண்டியில் பாலம் தாண்டி வந்து, இறங்கியதும் வருகிற தேவாலயத்தின் வண்டி நிறுத்துமிடத்தில் நின்றுகொண்டு கைபேசியில் பேசுவார்கள். குளிர்காலத்தில் எஞ்சினை அணைக்காமல், ஹீட்டரை முழுவதும் திறந்துவிட்டு, ஒவ்வொரு வண்டிக்குள்ளும் ஒருவர் கண்ணைத் துடைத்துக்கொண்டிருப்பார். அங்கே ஒருவரை ஒருவர் பார்க்காமல் இருப்பதுதான் மரியாதை.

அந்தத் தேவாலயத்துப் போதகர் ஜென்ட்ரிக்கு இந்தத் தொல்லை எதுவும் இல்லை. வேதபுத்தகத்தைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு இரண்டு கரையிலும் வீடு வீடாகப் போவார். மனம் உடைந்தவனிடம் அது சாத்தானின் சோதனை என்பார். மாத்திரை எதற்கு, மண்டியிடு என்பார். அதற்கு எந்த மாநிலமும் உரிமம் கேட்பதில்லை. படித்துத் தேர்வு எழுதியவள் பாலத்தடியில் நிற்க வேண்டும், ஒன்றும் படிக்காதவர் பாலத்தைக் கடக்கலாம். இதைச் சட்டம் என்று சொல்ல எனக்கு நா கூசுகிறது.

ரோவீனா கென்டக்கி உரிமத்துக்கு விண்ணப்பிக்காமல் இல்லை. பயிற்சிக்காலத்தில் மேற்பார்வையிட்டவரின் கையெழுத்து வேண்டும் என்றார்கள். அவர் இறந்துபோய்விட்டார் என்று எழுதினார். வேறு ஆதாரம் அனுப்புங்கள் என்று பதில் வந்தது. மாநிலங்கள் சேர்ந்து ஒரு பொது உரிமம் கொண்டுவர ஒப்பந்தம் போட்டிருப்பதாக ஒவ்வொரு கூட்டத்திலும் சொன்னார்கள். உரிமம் மட்டும் வந்தபாடில்லை.

இந்த நிலையில்தான், ரோவீனாவிடம் பேச வந்துகொண்டிருந்த ஏமஸ் டாலிவர் கரை மாறினார். நிலக்கரிப் படகுகளில் வடம் கட்டும் ஆள் அவர். ஒரு விடியற்காலையில் கூட வேலை செய்தவன் இரண்டு படகுகளுக்கு நடுவே வழுக்கி விழுந்தான். ஏமஸின் கையில் அவனுடைய கையுறை மட்டும் மிஞ்சியது. அதன்பின் ஏமஸ் ஆற்றுக்குப் போகவில்லை. வேலை போயிற்று, இக்கரை வீடும் போயிற்று. கென்டக்கியில் அக்கா லூடியின் வீட்டுக்குக் குடிபோனார். செவ்வாய்தோறும் ரோவீனாவோடு பேசுவதை மட்டும் விடவில்லை. "அந்தப் பேச்சுதான் அவனை இன்னும் உயிரோட வெச்சிருக்கு" என்று லூடி ஒருமுறை ஏமஸின் கைபேசியை வாங்கி என்னிடம் சொன்னாள்.

ஜனவரியில், அவர் பாலம் தாண்டி வரும் பிக்கப் வண்டி பழுதானது. லூடியின் வண்டியை, முதியோர் இல்லத்தில் துணி துவைக்கும் வேலைக்கு அவளே எடுத்துக்கொண்டு போவாள். ஆனாலும் செவ்வாய்க்கிழமை தவறவில்லை.

எந்தப் பேச்சையும் ஒரே கேள்வியோடுதான் தொடங்க வேண்டும். அது விதி.

"இப்ப எங்க இருக்கீங்க, ஏமஸ்?"

"சர்ச் வாசல்லதான், மிஸ் ரோவீனா. வேற எங்க? போதகர் பலகையில புதுசா எழுதிப்போட்டிருக்காரு, நரகத்துல ஹீட்டர் இலவசம்னு."

"அங்க போறதுக்கும் ரெண்டு மாநில உரிமம் கேப்பாங்களோ என்னவோ."

அவர் சிரித்தார். அபூர்வமான சிரிப்பு. ஆனால் எஞ்சின் ஓடும் சத்தம் இல்லை. வெளியே பனி உறைந்து கிடந்தது. அந்தக் குளிரில் எஞ்சினை அணைத்துவிட்டு ஒரு மணி நேரம் யாரும் வண்டியில் உட்கார முடியாது. பின்னால் துணி துவைக்கும் இயந்திரம் ஒன்று தடதடத்துக்கொண்டிருந்தது. ரோவீனாவுக்குக் கேட்டது. அந்தச் சத்தத்தைப் பற்றி அவர் எதுவும் கேட்கவில்லை. அடுத்த செவ்வாயும் கேட்கவில்லை.

லூடி வீட்டு முகவரியையும் அவர் வாங்கி வைக்கவில்லை. வாங்கினால் தெரிந்துகொண்டதாக ஆகிவிடும். தெரிந்துகொண்டால் பேச்சை நிறுத்தியாக வேண்டும். கென்டக்கியில் வேறு யாரிடமாவது அனுப்பலாம் என்றால், கேட்ட இடமெல்லாம் கோடைக்காலம் வரை இடமில்லை என்றார்கள். எனவே ஏமஸ் சர்ச் வாசலில் இருப்பதாக இருவரும் வைத்துக்கொண்டார்கள்.

பிப்ரவரியில் ஒரு செவ்வாய். பாதிப் பேச்சில் ஏமஸின் குரல் மாறியது.

"எனக்கு ரொம்பக் களைப்பா இருக்கு, மிஸ் ரோவீனா. நீங்க நல்லவங்க. அக்காகிட்ட சொல்லிடுங்க."

"என்ன சொல்லணும்? ஏமஸ், லைன்லயே இருங்க. ஏமஸ்!"

தொடர்பு அறுந்தது. ரோவீனா மறுபடி அழைத்தார், ஏமஸ் எடுக்கவில்லை. என் அறைக்கு ஓடிவந்து அவசர உதவிக்குப் போன் போடச் சொன்னார். நான் போட்டு அவரிடம் கொடுத்தேன். எதிர்முனையில் இருந்த பெண் வழக்கமான கேள்வியைக் கேட்டாள்.

"அவரு எங்க இருக்காரும்மா?"

"கென்டக்கியில. அக்கா வீட்டுல."

"அட்ரஸ்?"

ரோவீனா என் பக்கம் திரும்பினார். நான் ஏட்டைப் பார்த்தேன். காலி செய்துவிட்டுப் போன பழைய ஒஹாயோ வீடும், தேவாலயத்தின் வண்டி நிறுத்துமிடமும்தான் அதில் இருந்தன.

"அம்மா, இது ஒஹாயோ. அந்தப் பக்கத்துக்கு மாத்தி விடுறேன். ஆனா அவங்களும் அட்ரஸ்தான் கேப்பாங்க."

"லூடினு அக்கா. முதியோர் இல்லத்துல சலவை வேலை. அங்க கேட்டுச் சொல்றேன், கொஞ்சம் பொறுங்க" என்றார் ரோவீனா. அக்கரையில் முதியோர் இல்லங்கள் பல. ஆளுக்கொரு தொலைபேசியை எடுத்துக்கொண்டு ஒவ்வொன்றாகக் கேட்டோம். கடைசியில் ஓர் இடத்தில் லூடியைக் கூப்பிட்டுத் தந்தார்கள். முகவரியைக் கத்திச் சொல்லிவிட்டு அவள் வண்டியை எடுத்தாள். ஆம்புலன்ஸ் போனபோது, உயிரை மாய்த்துக்கொள்ளப் பார்த்த ஏமஸுக்கு இன்னும் மூச்சு இருந்தது. மயக்கம் தெளியப் பல நாள் ஆயிற்று. இடது கையும் பேச்சும் முன்போல இல்லை. சீக்கிரம் வந்திருந்தால் என்று மருத்துவர் ஆரம்பித்து, முடிக்காமல் விட்டார்.

நிலையத்தில் விசாரணை வைத்தார்கள். அதற்கு முன்னால் நிலையத்தின் வக்கீல் ரோவீனாவைத் தனியாகக் கூப்பிட்டுப் பேசினார். கதவு திறந்துதான் இருந்தது.

"ஒவ்வொரு தடவையும் நீங்க கேட்டிருக்கீங்க, அவரு சர்ச் வாசல்னு சொல்லியிருக்காரு. உங்களை ஏமாத்திட்டாரு. அவ்வளவுதான் சொல்லணும். பொய்யும் இல்லையே?"

"அவருக்கு என்ன ஆகும்?"

"என்ன ஆகும்? ஒண்ணும் ஆகாது. சிகிச்சையில பொய் சொன்னாருன்னு ஒரு குறிப்பு இருக்கும்."

"அடுத்து அவரைப் பாக்கிற டாக்டர் அதைத்தான் முதல்ல படிப்பாரு."

"ரோவீனா, உங்களை நம்பி இங்க நாப்பது பேர் இருக்காங்க."

"தெரியும்" என்றார் ரோவீனா.

விசாரணையில் அவர் மறைக்கவில்லை. எஞ்சின் சத்தம் இல்லாததைச் சொன்னார். முதல் வாரமே புரிந்ததைச் சொன்னார். முகவரி கேட்காதது தன் குற்றம் என்றார். சட்டத்தை மீறியதற்காக வருந்தவில்லை, சட்டத்துக்குப் பயந்து முகவரி கேட்காமல் விட்டதற்காகத்தான் வருந்துகிறேன் என்றார். அதை அப்படியே எழுதிக்கொண்டார்கள். அன்றைக்கே அவரைப் பணியிலிருந்து நிறுத்தி, இரண்டு மாநிலத்துக்கும் அறிக்கை அனுப்பினார்கள். முடிவு இன்னும் வரவில்லை. நாற்பது பேரையும் நிலையத்தின் மற்ற இரண்டு பணியாளர்களிடம் பிரித்துக் கொடுத்தார்கள். சிலர் வருவதையே நிறுத்திவிட்டார்கள். அவர் செய்தது சரியா என்று என்னைக் கேட்காதீர்கள். அந்த நாற்பது பேரின் தொலைபேசி அழைப்புகளுக்கெல்லாம் பதில் சொன்னவள் நான்.

அவர் மேசையைக் காலி செய்த அன்று லூடி வந்தாள். வேலைச் சட்டையில் இல்லை.

"ஏன்மா இப்படிப் பண்ணீங்க? அவன் பொய் சொன்னான்னு சொல்லிட்டுப் போயிருக்கலாமே. அவனே சொல்லச் சொன்னான். திக்கித் திக்கி, அதைத்தான் முதல்ல சொன்னான்."

"நான் உங்க அட்ரஸ் கேட்டிருக்கணும், லூடி."

"கேட்டிருந்தா பேச்சை நிறுத்தியிருப்பீங்க. நிறுத்தியிருந்தா ஜனவரியிலேயே போயிருப்பான்." லூடி நாற்காலியில் உட்காரவில்லை. "இப்ப அந்தப் பக்கம் ஜூன்ல ஒருத்தங்க பாக்கிறேன்னிருக்காங்க. போதகர் தினம் வந்து நிக்கிறாரு. வாசலோட அனுப்பிடுறேன்."

"ஜூன் வரைக்கும் யாரு பாத்துக்கறது?"

"நான்தான். வேலையை விட்டுட்டேன்." அவள் சுவரிலிருந்த கடிகாரத்தைப் பார்த்தாள். "பக்கத்து வீட்டுப் பொண்ணைக் காவலுக்கு வெச்சிட்டு வந்தேன். அவன்கிட்ட என்ன பேசணும்னு சொல்லுங்க. எதைப் பேசக் கூடாதுன்னாவது சொல்லுங்க."

ரோவீனா வாசல்வரை அவளோடு நடந்தார். வண்டியருகே நின்று இருவரும் வெகுநேரம் பேசினார்கள். அதையும் யாரோ எழுதி மேலே அனுப்பியிருக்கிறார்கள்.