பந்தின் மேல் பிடித்த தொட்டி

"நான் செஞ்ச தொட்டியை எமனே வந்து உதைச்சாலும் உடையாது. ஏன், நானே உடைக்கணும்னு நெனச்சாலும் முடியாது!"

வரலாற்றுச் சிறப்புமிக்க இந்தப் பிரகடனம் மூன்றாண்டுகளுக்கு முன், ஒரு ஞாயிற்றுக்கிழமைக் காலை, நான்காம் மாடிப் பால்கனியில் லிஃப்ட்காரரால் வெளியிடப்பட்டது. சபையில் இருந்தவர்கள் மூவர்: அவர் மனைவி, மனைவியின் தம்பி, கைப்பிடிச் சுவரில் ஒரு காகம். காகம் உடனே எழுந்து பறந்துவிட்டது. உறவுக்காரர்களுக்கு அந்த வசதி இல்லை.

லிஃப்ட்காரர் முப்பத்தொரு ஆண்டுகள் லிஃப்ட் பழுதுபார்த்தவர். இரண்டு மாடிகளுக்கு நடுவே மாட்டிக்கொண்டு அலறியவர்களிடம் கதவிடுக்கில் வாய் வைத்து, "பயப்படாதீங்க, நான் வந்துட்டேன்" என்று சொல்லி, ஒருவர் விடாமல் வெளியே எடுத்தவர். ஓய்வு பெற்ற பிறகு அவர் கை சும்மா இருக்கவில்லை. நன்றாக ஓடிக்கொண்டிருந்த மிக்ஸியைப் பழுதுபார்த்தார். அதன் பிறகு அது ஓடவில்லை. வீட்டிலுள்ள மற்ற பொருள்களின் நல்ல காலம், அவர் கவனம் செடி வைக்கும் தொட்டி பக்கம் திரும்பியது.

ஒரு பங்கு சிமென்ட், ஒன்றரைப் பங்கு தேங்காய் நார்த்தூள், ஒன்றரைப் பங்கு பெர்லைட் என்னும் பொரி போன்ற வெள்ளைக் கல். விரிசல் விடாமல் இருக்க நைலான் நூல் துண்டுகள். கலவையை ஒரு பிடி பிடித்தால் உருண்டையாக நிற்க வேண்டும். அழுத்தினால் இரண்டு சொட்டுத் தண்ணீர் வர வேண்டும். மூன்றாவது சொட்டு வந்தால் அன்று வீட்டில் யாரும் அவரோடு பேசக்கூடாது. பிறகு பிளாஸ்டிக் தாளால் போர்த்தி, ஒரு மாதம் ஈரம் காயாமல் காவல். காய்ந்தால் பார்வைக்குப் பாறை. தூக்கினால் பாதிக் கனம் கூட இராது.

மற்றவர்கள் வாளியின் மேலோ பெட்டிக்குள்ளோ அப்பி எடுப்பார்கள். நம்மவருக்கு அது கௌரவக் குறைச்சல். காற்றடித்த பெரிய பந்தின் மேல் கலவையை அப்பினார். உச்சியில் ஒரு சாண் அகலம் விட்டு, காய்ந்ததும் பந்தின் காற்றை இறக்கி, அந்த வாய் வழியே உருவினார். குடம் போல் வயிறும் குறுகிய வாயுமாக நின்றது தொட்டி. அந்தப் பூரிப்பில்தான் மேற்படி பிரகடனம்.

அதில் வைக்க அவர் தேர்ந்தெடுத்தது மனைவியின் எலுமிச்சைக் கன்று. முழங்காலில் தகடு வைத்து எட்டு மாதம் படுத்திருந்தபோது, தலைமாட்டு ஜன்னலில் ஒரு தயிர் டப்பாவில் அந்த அம்மாள் முளைக்கவைத்தது. "அது நாலு இலை விட்ட அன்னிக்குத்தான் நான் நாலு அடி நடந்தேன்" என்பார்.

"ஏங்க, வாய் இத்துனூண்டு இருக்கே. நாளைக்கு வளந்தா எப்படி எடுக்கறது?" என்று அப்போதே கேட்டார்.

"எதுக்கு எடுக்கணும்? இது ஆயுசுக்கும்டி."

மூன்றாம் ஆண்டு இலைகள் மஞ்சளாயின; பிறகு உதிர்ந்தன. நர்சரிக்காரர் வந்து, கீழே நீர்த்துளையில் பிதுங்கி நின்ற வேரை விரலால் தொட்டுப் பார்த்தார்.

"உள்ள வேர் சுத்திச் சுத்தி இறுகிடுச்சு சார். பத்து நாள் தாங்கும். பெருசா ஒண்ணுக்கு மாத்திடுங்க."

"எப்படி எடுக்கறது?"

"தொட்டிய உடைக்கணும்."

"வேற வழி?"

"வேற வழின்னா, வேற செடி."

அன்றிலிருந்து மீட்புப் பணி தொடங்கியது. குழாயைச் சொருகித் தண்ணீர் பீய்ச்சினார்; சேறுதான் வந்தது. ரம்பக் கத்தியை விட்டு அறுத்தார். கத்தி உள்ளேயே தங்கிவிட்டது. தொட்டியைக் கவிழ்த்துத் தட்டினார். இருந்த இலையில் பாதி உதிர்ந்தது. ஆப்பசைத்த குரங்குக்காவது தன் வால்தான் மாட்டியது.

மைத்துனன் வந்து பார்த்தான். "என்ன அத்தான், பந்தை எடுத்த மாதிரியே எடுத்துற வேண்டியதுதானே? செடியில எந்தப் பக்கம் காத்தை இறக்கறது?"

"உங்க அக்கா கிட்ட காபி வாங்கிக் குடிச்சிட்டுக் கிளம்புடா."

"சுத்தியல வேணா கொண்டாரட்டுமா? ஓ, மறந்துட்டேன். எமனே வந்தாலும் உடையாதுல்ல!"

லிஃப்ட்காரர் கணக்குப் போட்டுப் பார்த்தார். அடித்து உடையாவிட்டால் செடி போய்விடும். உடைந்துவிட்டாலோ, அந்தப் பேச்சு போய்விடும். இரண்டில் எதற்கு அதிகம் பயந்தார் என்று கேட்டிருந்தால், செடிக்குத்தான் என்றிருப்பார். சுத்தியலை மட்டும் கையில் எடுத்திருக்க மாட்டார். தினமும் முக்காலியை இழுத்துப் போட்டுத் தொட்டிக்கு எதிரே உட்கார்ந்தார். நோயாளியைப் பார்க்க வந்தவர் போல அவ்வப்போது பெருமூச்சும் விட்டார்.

மனைவி 'உடைங்க' என்று சொல்லவே இல்லை. சொல்லியிருந்தால் சண்டையாவது போட்டிருக்கலாம். காலையில் காலை இழுத்துக்கொண்டு வந்து, உதிர்ந்த இலைகளைப் பொறுக்கி முந்தானையில் போட்டுக்கொண்டு போவார். எட்டாம் நாள் பொறுக்க அதிகம் இல்லை. செடியில் ஒன்பதே இலை.

"கடைக்குப் போய்ட்டு வரேன்" என்றார் மனைவி. "மெதுவாத்தான் வருவேன்."

கதவு சாத்தும் சத்தம் கேட்டதும் லிஃப்ட்காரர் எழுந்தார். சுத்தியலின் தலைக்குப் பழைய காலுறை ஒன்றை மாட்டினார். சத்தம் பக்கத்து வீட்டுக்குப் போகக்கூடாது. தொட்டியருகே குனிந்து, அந்த ஒரு சாண் வாயில் தன் வாயை வைத்தார்.

"பயப்படாதே. நான் வந்துட்டேன்."

மனைவி திரும்பியபோது பால்கனி கழுவிவிடப்பட்டு ஈரமாக இருந்தது. எலுமிச்சை, அடியில் துளை போட்ட பெரிய பிளாஸ்டிக் டிரம்மில் புது மண்ணில் நின்றது. ஒன்பது இலையும் இருந்தன. பிழைக்குமா என்று அவற்றைப் பார்த்துச் சொல்ல யாராலும் முடியாது. துணிக்கொடியில் ஒற்றைக் காலுறை சாம்பல் நிறத்தில் தொங்கியது.

மனைவி கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டு, மெல்ல முக்காலியில் உட்கார்ந்தார்.

"எத்தனை அடி அடிச்சீங்க?"

லிஃப்ட்காரர் தெருவைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஏங்க, உங்களைத்தான். தம்பி கிட்ட சொல்ல மாட்டேன்."

திரும்பாமலே, அவர் மூன்று விரலைக் காட்டினார். பிறகு யோசித்து, ஒன்றை மடக்கிக்கொண்டார்.