மேடையில் நான் விட்ட வரி

பிரித்தானிய நகைச்சுவைக் கலைஞர் ஒருவர் எழுதிய வாழ்க்கைக் கதையிலிருந்து ஒரு பகிடியை நான் திருடினேன். மயங்கி விழுந்த அவருடைய தாய், தூக்கிப்போக வந்த அம்புலன்ஸ்காரரிடம், "சப்பாத்தைக் கழற்றிவிட்டு உள்ளே வாருங்கள்" என்றாராம்.

மார்க்கம் நகரில் நடந்த எங்கள் ஊர்ச்சங்க விழாவில் அதை என் அம்மா சொன்னதாகவே நடித்துக் காட்டினேன். மண்டபமே சிரித்தது.

வீடு திரும்பும்போது அம்மா கேட்டார். "நான் எப்ப தம்பி விழுந்தனான்?"

"சும்மா பகிடிக்கு, அம்மா."

"உப்பிடிப் பகிடி வேண்டாம்."

அடுத்த மாசியில் ஒரு மத்தியானம், டோர்செட் பார்க்கில் உள்ள எங்கள் வீட்டில், குசினிக்குள் சமைத்துக்கொண்டிருந்த அம்மா விழுந்தார். அம்புலன்ஸில் வந்த இருவர் பனி ஒட்டிய சப்பாத்துகளோடு உள்ளே நுழைந்தார்கள். அம்மா கண்ணைத் திறந்தார்.

"சப்பாத்தைக் கழட்டிப்போட்டு வாங்கோ."

மேடையில் நான் பேசிக் காட்டிய அதே குரல்.

"என்ன சொல்கிறார்?" என்று அவர்கள் ஆங்கிலத்தில் கேட்டார்கள். சிரிப்பு வராதென்று மேடையில் நான் விட்டுவிட்ட, அந்தப் புத்தகத்தின் அடுத்த வரி ஞாபகம் வந்தது: 'அதன் பிறகு அம்மா பேசவேயில்லை.'

என் அம்மாவும் அதன் பிறகு பேசவேயில்லை.

"அண்ணை, அந்தச் சப்பாத்துக் கதையைச் சொல்லுங்கோ" என்று ஊர்ச்சங்கத்தில் இன்றும் கேட்கிறார்கள். இப்போது அது என்னுடைய கதைதான். சொல்லத்தான் முடிவதில்லை.