குட்டியின் நகம், அத்தையின் கால்

அத்தையை நினைத்தால் முதலில் கண்ணுக்கு வருவது அவருடைய முகமல்ல, அவர் மடியில் மல்லாந்து கிடந்த நாய்க்குட்டிதான். தோட்டத்து வரிசை வீடான லயத்து வாசற்படியில் உட்கார்ந்து அதன் முன்னங்காலை இரண்டு விரல்களால் பிடித்திருந்தார். குட்டி கத்திய கத்தலில் பக்கத்துக் காம்பராக்காரர்கள் எல்லாம் எட்டிப் பார்த்தார்கள். வாசலில் கால் துடைக்கப் போட்டிருந்த சாக்கில் நகம் சிக்கி, அது இழுத்த வேகத்தில் அடிவரை பிளந்துவிட்டது. சின்ன நகம்தான், அவ்வளவு ரத்தம் எங்கிருந்து வந்ததோ தெரியவில்லை.

அத்தை என் அப்பாவின் தங்கை. கேகாலைப் பக்கத்துத் தோட்டமொன்றில் ரப்பர் பால் வெட்டினார். மாமா செத்துப்போனபிறகு தனியாள். மாவனல்லையில் கடையொன்றில் வேலை பார்க்கும் நான் லீவு கிடைத்தால் அவரிடம்தான் போவேன். பால் வெட்டுகிறவர்களுக்கு ஒரு பழக்கம் உண்டு. கத்தி விரலில் பட்டால், சிரட்டையில் வடிகிற பாலையே காயத்தின் மேல் ஒரு சொட்டு விட்டுக்கொள்வார்கள். அது காய்ந்து தோல் மாதிரி ஒட்டிக்கொள்ளும். துணி சுற்ற வேண்டியதில்லை, வேலையும் நிற்காது. அத்தை குட்டியின் நகத்துக்கும் அதையே செய்தார். ரத்தம் நின்றது. "பாத்தியா, டாக்டரே வேணாம்" என்று பெருமை வேறு அடித்துக்கொண்டார்.

அடுத்த முறை நான் போனபோது குட்டி மூன்று காலில் நொண்டிக்கொண்டு வந்தது. விரல் வீங்கி நாற்றமடித்தது. அன்று அத்தை வேலைக்குப் போகவில்லை. போகாவிட்டால் தோட்டத்து வருகைப் பதிவில் பேர் விழாது. பேர் விழாவிட்டால் அந்த நாளின் சம்பளம் இல்லை. அதைப்பற்றி மூச்சே விடாமல் குட்டியைத் துவாயில் சுற்றிக்கொண்டு பஸ் ஏறினார். நானும் கூடப் போனேன். மிருக வைத்தியர் ரப்பர் தோலை உரித்ததும் உள்ளேயிருந்து சீழ் வடிந்தது. "வஹன்ன எபா, அம்மே" என்றார். மூடி அடைக்கக் கூடாதாம். அத்தை தன் சிங்களத்தில் எல்லாவற்றையும் இரண்டு தடவை கேட்டுக்கொண்டார். பிறகு காலையும் மாலையும் இளஞ்சூட்டு உப்புத் தண்ணீரில் அதன் காலைக் கழுவினார், ஈரம் போகத் துடைத்தார், மருந்து பூசினார், நக்காமலிருக்க என் பழைய காலுறையை மாட்டிவிட்டார். அது வெளியே ஓடப் பார்த்தால், "எங்கடா போற, பேசாம லீவு போட்டுப் படு" என்று அதட்டுவார். குட்டி குணமாகிவிட்டது.

அத்தைக்குச் சீனி வியாதி இருந்தது. போன வருடம், மழை விட்ட ஒரு நாளில், மலையில் கல் தடுக்கி அவருடைய பெருவிரல் நகம் பெயர்ந்தது. அங்கேயே சிரட்டைப் பாலை அதன்மேல் ஊற்றிக்கொண்டு மிச்ச மரங்களையும் வெட்டி முடித்தார். மறுநாளும் போனார், அதற்கடுத்த நாட்களிலும் போனார். யாரிடமும் சொல்லவில்லை. பாதம் கறுத்த பிறகுதான் லயத்துக்காரர்கள் ஆஸ்பத்திரிக்குத் தூக்கி வந்தார்கள். காலை எடுத்தும் அவர் பிழைக்கவில்லை.

காலை எடுப்பதற்கு முந்தின நாள் ஆஸ்பத்திரிக் கட்டிலருகே நின்றபோது எனக்கு அழுகையைவிடக் கோபம்தான் வந்தது.

"குட்டிக்கு அவ்வளவு பாத்தீங்களே அத்தே. மூடக் கூடாதுன்னு டாக்டர் சொன்னது உங்களுக்குத் தெரியும்தானே?"

"தெரியும்யா" என்றார். "அது படுத்துக் கிடந்தா யாரும் ஒண்ணும் கேக்க மாட்டாங்க. நான் படுத்தா பேரு ஏது?"

நாய் இப்போது என்னோடு இருக்கிறது. நன்றாக ஓடுகிறது. மாதத்துக்கு ஒருதரம் அதன் நகங்களை வெட்டிவிடுகிறேன். காலைத் தானாகவே நீட்டிக் கொடுக்கும். அப்போதெல்லாம் எனக்கு ஆத்திரம் பொங்குகிறது. யார்மேல் என்று மனைவி கேட்பாள். அத்தைமேல் என்று சொல்லி வைத்திருக்கிறேன். அவர் ஒன்றும் நினைத்துக்கொள்ள மாட்டார்.