சட்டத்துக்காக வெட்டிய விரல்கள்

அம்மாவை எதிரே உட்காரவைத்து நான் வரைந்த ஒரே எண்ணெய் ஓவியம் அது. கம்பத்தில் எங்கள் வீட்டு மாடியில், கைகளை மடியில் கோத்துக்கொண்டு, "இன்னும் முடியலையாத்தா?" என்று சலித்தபடியே உட்கார்ந்திருந்தாள்.

ஓவியத் துணியைப் பழைய முறையில் கட்டியிருந்தேன். சில நூறு ஆண்டுகளுக்கு முன் ஐரோப்பிய ஓவியர்கள், துணியைவிடப் பெரிய மரச்சட்டம் செய்து, துணியின் ஓரத்தில் துளையிட்டுக் கயிறு கோத்து, நாலு பக்கமும் சட்டத்தோடு இழுத்துக் கட்டுவார்களாம். மூலைகளில் ஆப்பு வைத்து இறுக்குவதெல்லாம் பிறகு வந்தது. எங்கள் பக்கம் சாரல் காலத்தில் துணி தொய்யும், கோடையில் விறைக்கும். கயிறென்றால் இறுக்கலாம், தளர்த்தலாம்.

தேனியில் அண்ணன் புது வீடு கட்டியபோது அந்தப் படத்தைக் கேட்டான். கயிற்றில் கை வைக்காதே என்று சொல்லித்தான் கொடுத்தேன்.

பால் காய்ச்சும் நாளில் கூடத்தில் படம் தொங்கியது. தங்கநிறச் சட்டம். கயிறு இல்லை. அம்மா முழங்கையோடு முடிந்துபோயிருந்தாள்.

"கட்டில் மாதிரி கயிறு தெரிஞ்சா வர்றவுக என்ன நினைப்பாக?" என்றான் அண்ணன். "கடையில ரெடிமேட் பிரேமுக்குத் தக்கன வெட்டிப் பின் அடிச்சுக் குடுத்தாக."

"கை எங்கண்ணே?"

"முகம் இருக்குல்ல, விடு."

அம்மா கிட்டே வந்து பார்த்தாள். "ஏத்தா, என் கையக் காணோமே?"

அண்ணன் சிரித்தான். சொந்தக்காரர்கள் பார்க்க, நாற்காலியில் ஏறிப் படத்தைக் கழற்றினேன். "நல்ல நாளும் அதுவுமா!" என்று அண்ணி கத்தினாள். திரும்பிப் பார்க்கவில்லை. சட்டத்தின் பின்னால் ஒட்டியிருந்த பெயரைப் பார்த்து, படத்தோடு நேரே அந்தக் கடைக்குப் போனேன்.

"வேஸ்ட்டெல்லாம் அன்னைக்கே குப்பைக்குப் போயிருச்சுக்கா. வெறும் ஓரந்தானே?"

"எங்கம்மா கைய்யா அது!"

கடைக்காரர் செல்போனை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டார்.

கம்பத்து வீட்டில் ஸ்டேப்ளர் பின்களை ஒவ்வொன்றாக நெம்பி எடுத்தேன். ஒவ்வொரு பின்னும் அம்மாவின் சேலையில் ஓட்டை போட்டிருந்தது. வெட்டுப்பட்ட ஓரங்களில் புதுத்துணியை ஒட்டி, துளையிட்டு, பழையபடி கயிறு கோத்து இழுத்துக் கட்டினேன். கீழே வெள்ளையாக ஒரு பட்டை நின்றது.

"அதுல கைய வரைஞ்சுவிட்டுட்டாப் போச்சு," என்றாள் அம்மா.

"மாட்டேன். அவன் வெட்டுனத நான் எதுக்கும்மா மறைக்கணும்?"

போன வாரம் அண்ணன் போன் செய்தான். "செவுத்துல ஆணி மட்டும் நிக்கிது. வர்றவுக படம் எங்கன்னு கேக்குறாக."

"நீ என்ன பண்ணுனேன்னு சொல்லு," என்று வைத்துவிட்டேன்.