பொறக்காத பிள்ளைக்குச் சட்டை

எட்டாவது மாசம் தொடங்குனதுமே அம்மாகிட்ட சொல்லிட்டேன், இந்தப் பிள்ளைக்கு வேண்டியதெல்லாம் பொறக்கறதுக்கு முன்னாடியே வாங்கப்போறேன்னு. யோசனை கேட்கல, தகவல் சொன்னேன்.

வளைகாப்பு முடிஞ்சு கீழ்பென்னாத்தூர்ல அம்மா வீட்டுக்கு வந்திருந்த நேரம். அம்மா வேர்க்கடலை உரிச்சுக்கிட்டு இருந்துச்சு. தலை நிமிரவே இல்ல. "பொறக்காத பிள்ளைக்கு யாராவது சட்டை வாங்குவாங்களா? வாய வச்சுகினு சும்மா இரு"ன்னுச்சு.

எங்க பக்கத்துல அப்படித்தான். பிள்ளை கைக்கு வர்ற வரைக்கும் ஒரு கைக்குட்டை அளவு துணி கூட புதுசா வாங்கக் கூடாது. பழைய வேட்டியக் கிழிச்சுத் துவைச்சு வெச்சுக்கலாம். நல்லபடியா பிள்ளை பெத்து வளர்த்த வீட்டுலேருந்து ஒரு பழைய சட்டை கேட்டு வாங்கி, முதல்ல அதைத்தான் போடணும். அம்மா அடுத்த தெருவுலேருந்து ஒண்ணு வாங்கியும் வெச்சிருந்துச்சு. கழுத்தெல்லாம் பழுப்புக் கறை. "ராசியான சட்டைடி. இதப் போட்ட பையன் இப்ப பாலிடெக்னிக் படிக்கிறான்"னு எங்கிட்ட காட்டுச்சு. அவன் பாலிடெக்னிக் படிக்கறதுக்கும் அந்தக் கறைக்கும் என்ன சம்பந்தம்னு கேட்டேன். எனக்கு வாய் ஜாஸ்தின்னு ஊருக்கே தெரியும். வேங்கிக்கால்ல கலெக்டர் ஆபீஸ் பக்கத்துல டைப்பிங் சென்டர்ல வேலை எனக்கு. நாளெல்லாம் அடுத்தவங்களுக்கு மனு அடிச்சுக் குடுக்கறவ, என் பிள்ளைக்காக வாதாட மாட்டேனா?

ஆனா இது வாய்க்கொழுப்புல வந்த பிடிவாதம் இல்ல. இதுக்கு முன்னாடி எனக்கு ஒரு பையன் பொறந்தான். எட்டாம் மாசத்துலயே வலி வந்து, பை கூட எடுத்துக்காம ஆஸ்பத்திரிக்கு ஓடினோம். பிள்ளையச் சுத்தறதுக்குத் துணி கேட்டாங்க நர்ஸு. எங்க வீட்டுக்காரர் வாசல்ல இருந்த கடைக்கு ஓடி, கட்டம் போட்ட ஒரு துண்டு வாங்கியாந்து குடுத்தாரு. அவ்வளவுதான் அவனுக்குன்னு வாங்குனது. கண்ணாடிப் பெட்டிக்குள்ள ஒரு ராத்திரி இருந்தான். மறுநாள் அப்பாவும் எங்க வீட்டுக்காரரும் அவனத் தூக்கிக்கிட்டுப் போனாங்க. நான் ஆபரேஷன் பண்ணிப் படுத்திருந்தேன். கதவு வழியா அந்தத் துண்டோட ஓரம்தான் தெரிஞ்சுது.

ஒரு சட்டை கூட இல்லாம போனானேன்னுதான் எனக்கு ஆறவே இல்ல. செத்துப்போனது விதி, சரி. வருவானோ மாட்டானோன்னு நாங்க காத்துக்கிட்டு இருந்தது விதியா? வர்றவனுக்கு ஒரு துணி எடுத்து வெக்காத வீடு என்ன வீடு? இந்தப் பிள்ளைய அப்படி வரவேற்க மாட்டேன்னு அப்பவே மனசுல போட்டு வெச்சிருந்தேன்.

எங்க வீட்டுக்காரர்கிட்ட போன்ல சொன்னா, "நீ சொல்றதும் சரிதான், அத்தை சொல்றதும் சரிதான்"னாரு. மதில் மேல் பூனை. வேணும்னா ஆன்லைன்ல போட்டுடலாம், பார்சல் வர்றதுக்குள்ள பிள்ளையும் வந்துடும்னு ஒரு வழி கண்டுபிடிச்சாரு. பிள்ளை தோல்ல படற துணிய நான் தொட்டுப் பாக்காம வாங்க மாட்டேன்னு போனை வெச்சிட்டேன்.

கடைசியா ஒரு நாள் அம்மாவக் கேட்டுட்டேன். "போன தடவை நீ சொன்ன மாதிரிதான ஒண்ணுமே வாங்காம இருந்தோம்? அப்புறம் ஏம்மா போனான்?"

அம்மா எழுந்து பின்பக்கம் போயிடுச்சு. ஜெயிச்சுட்டேன்னு நெனச்சுக்கிட்டேன்.

பௌர்ணமிக் கும்பல் கலையட்டும்னு இருந்து, அப்புறம் ஒரு காலையில திருவண்ணாமலைக்குக் கிளம்பினேன். பஸ்ல ஏறி உக்காந்து பாத்தா, அம்மா பின்னாடியே ஏறுது. "வயித்தத் தள்ளிகினு தனியாவா போவ?"ன்னு கேட்டுட்டு பக்கத்துல உக்காந்துச்சு. பஸ் ஸ்டாண்டுல இறங்கி ஆட்டோ பிடிச்சு சின்னக்கடைத் தெருவுக்குப் போனோம். பிள்ளைங்க துணிக்கடை ஒண்ணு முன்னாடி ஆட்டோவ நிறுத்தச் சொன்னேன். நான் படி ஏறிட்டேன். திரும்பிப் பாத்தா அம்மா வாசல்லயே நிக்குது. வெயில்ல மூஞ்செல்லாம் வேர்த்திருக்கு. வெயில் மட்டும் இல்லன்னு தோணுச்சு.

"உள்ள வாம்மா."

"நான் வந்தா ஆவாது. நீ போய் வாங்கிக்கோ."

"ஏன், கடைக்காரங்க உன்னைக் கடிச்சா தின்னுடுவாங்க?"

அம்மா சிரிக்கல. கடைப் படி ஓரமா உக்காந்துச்சு. நானும் வயித்தப் பிடிச்சுக்கிட்டு பக்கத்துல உக்காந்தேன்.

"போன தடவை நான் வாங்கினேன்டி"ன்னுச்சு. "இதே கடையிலதான். உரம் வாங்க உங்கப்பா கூட வந்தப்ப, வெளிய ஒரு மஞ்ச சட்டை தொங்கினு இருந்துச்சு. உள்ளங்கை அளவுதான். ஆசையா இருந்துச்சு. உங்கப்பாவுக்குக் கூடத் தெரியாம வாங்கி பீரோவுல புடவைக்கு நடுவுல வெச்சுட்டேன். அடுத்த வாரமே உனக்கு வலி வந்துடுச்சு. என் ஆசையாலதான் போச்சு அந்தப் பிள்ளை. பட்ட கால்லயே படும்னுவாங்க. மறுபடியும் என் கால் இந்தக் கடையில படக் கூடாது."

இத்தனை நாளா அம்மா என்னை மறிச்சுக்கிட்டு இருந்தது சாங்கியத்துக்காக இல்ல, இதுக்காகத்தான்.

"அந்தச் சட்டை எங்கம்மா?"ன்னு கேட்டேன்.

"அவனுக்குத்தான் போட்டேன்"ன்னுச்சு அம்மா. "பெட்டிலேருந்து வெளிய எடுத்தா போடலாம்னு, மறுநா காலையில பையில எடுத்தாந்தேன். எடுத்துக் குடுத்தாங்க, ஆனா உசுரு இல்ல. நான்தான் போட்டுவிட்டேன். கை ரெண்டும் நீளமா இருந்துச்சு, மடிச்சு விட்டேன். மேல துண்டைச் சுத்திட்டேன், யாருக்கும் தெரியாது."

நடுத்தெருன்னு கூடப் பாக்காம அழுதேன். அம்மா மேல கோவம் கோவமா வந்துச்சு, இத்தனை நாள் சொல்லாம இருந்ததுக்கு. அதே நேரம் நெஞ்சுல இருந்த ஒரு பாரம் இறங்கிப் போச்சு. என் பிள்ளை சட்டை போட்டுக்கிட்டுத்தான் போயிருக்கான். மஞ்ச சட்டை. கைய மடிச்சு விட அவனுக்கு ஒரு ஆள் இருந்திருக்கு.

முந்தானையால மூஞ்சியத் துடைச்சுக்கிட்டேன். "இங்க பாரும்மா, அவன் போனது என் பி.பி.யால. டாக்டர் அப்பவே சொன்னாரு, நீயும்தான் கேட்டுக்கிட்டு நின்ன. நீ வாங்கலன்னா அவனுக்கு அந்தச் சட்டையும் இருந்திருக்காது. அவனுக்கு வாங்குன கைதான் இதுக்கும் வாங்கணும். எழுந்திரு. நீ வராம நான் இந்தப் படிய விட்டு நகர மாட்டேன்."

நகர மாட்டேன்னு சொன்னது ஒரு பக்கம் நெசம்தான். அந்த வயித்தோட தனியா எழுந்திருக்கவே முடியல எனக்கு. அம்மா முதல்ல எழுந்து கை குடுக்க வேண்டியதாப் போச்சு. குடுத்த கைய நான் விடல, அப்படியே உள்ள இழுத்துக்கிட்டுப் போயிட்டேன்.

உள்ள போன பிறகும் கொஞ்ச நேரம் அம்மா எதையும் தொடல. நான் வெள்ளைத் துணி, குல்லா, ரப்பர் ஷீட், கொசுவலைன்னு எடுத்து வெச்சுக்கிட்டே இருந்தேன். பட்டன் வெச்ச சட்டை ஒண்ணை எடுத்ததும் அம்மாவுக்குப் பொறுக்கல. "பட்டன் குத்தும்டி, நாடா வெச்சது கேளு"ன்னுச்சு. அப்புறம் தானே வாங்கி, தையலைத் திருப்பிப் பாத்துச்சு, கன்னத்துல வெச்சுத் தேய்ச்சுப் பாத்துச்சு. இது முரடு, இது சாயம் போவும்னு கடைக்காரம்மாவ ஒரு வழி பண்ணிடுச்சு.

"எத்தனை மாசக் குழந்தைக்கும்மா?"ன்னு அந்தம்மா கேட்டாங்க.

நான் வாயத் திறக்கறதுக்குள்ள அம்மா சொல்லுச்சு. "இன்னும் பொறக்கல. அடுத்த மாசம் பொறக்கும்."

கடைக்காரம்மா ரொம்பச் சின்னதா நாலு சட்டை எடுத்துப் போட்டாங்க. அம்மா அதை ஒரு பக்கமா தள்ளி வெச்சுச்சு. "இது சரி. இதுக்கு அடுத்த சைஸும் காட்டு. ஒரு வயசுக்கு ஆவுற மாதிரி ஒண்ணும் எடு. புள்ள வளரும்ல?"

அந்த ஒரு வயசுச் சட்டை போன மாசமே என் பொண்ணுக்குப் பத்தாமப் போச்சு.